ஒட்டடை அடித்த மறுநாள் தொடங்கிய வலி

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 68 வயது. இரண்டு வருடமாக இரண்டு பொட்டிலும் வலி. பொட்டில் நரம்பு புடைத்துத் துடிப்பது கண்ணுக்கே தெரிகிறது. பொட்டு நரம்பு வீங்கினால் பார்வையே போய்விடும் என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தானாக வருகிற தலைவலி எது, ரத்தக்குழாய் கெட்டுப்போய் வருகிற தலைவலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு வயது 43. எனக்கும் இருபது வருடமாக ஒற்றைத் தலைவலி உண்டு. மாதம் இரண்டு தடவை வரும், வாந்தி எடுத்தால் அடங்கிவிடும், பித்தம் என்று விட்டுவிடுவேன். போகிக்கு முந்தின நாள் ஒட்டடை அடித்ததிலிருந்து இடது பக்கக் கழுத்தும் கண்ணைச் சுற்றியும் வலிக்கிறது. மூன்று வாரம் ஆகிறது. இது வேறு மாதிரி இருக்கிறது. சிடி ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். தூக்கம் கெட்டதாலோ என்னவோ, இடது கண் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். என்னுடையதை விடுங்கள், அம்மாவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அம்மாவுக்கு ஒன்றரைப் பக்கம், உங்களுக்குக் கடைசியில் சில வரிகள். இங்கே அதைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். படித்தபோது என்னைப் பதற வைத்தது அந்தக் கடைசி வரிகள்தான். பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று அன்றைக்கே உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் சம்மதம் சொன்னதால் மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விவகாரம். தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘நரம்பு’ என்று சொல்லிவிடுகிறோம். கையில் ஊசி போடுவதும் நரம்பில்தான், சுளுக்கிக்கொள்வதும் நரம்புதான், நான் படித்ததும் நரம்பு மருத்துவம்தான். உங்கள் அம்மாவின் பொட்டில் துடிப்பது தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய். துடிப்பதுதான் அதன் வேலை. வயதாகி, பொட்டில் சதை வற்றிய பிறகு அது வெளியே தெரிவது சகஜம். தெரிகிறது என்பதற்காக நோய் என்று ஆகிவிடாது. அம்மா விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்வி எளிதாகத் தோன்றும், பதில் அவ்வளவு எளிதில்லை. மருத்துவத்தில் தலைவலியை இரண்டு பெரிய கூடைகளில் போடுகிறோம். ஒன்று, தலைவலியே நோயாக இருப்பது. ஸ்கேனில் ஒன்றும் இருக்காது, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இருக்காது, வலி மட்டும் உண்மையாக இருக்கும். ஒற்றைத் தலைவலி என்கிற மைக்ரேன், இறுக்கத் தலைவலி, கொத்துக் கொத்தாக வரும் கிளஸ்டர் தலைவலி எல்லாம் இந்தக் கூடையில். இன்னொன்று, வேறு ஏதோ கெட்டுப்போய் அதன் அறிகுறியாகத் தலை வலிப்பது. தமனி கிழிவது, வீங்குவது, வெடிப்பது எல்லாம் இந்த இரண்டாவது கூடையைச் சேர்ந்தவை. தலைவலிக்காக வருபவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் முதல் கூடைதான். மருத்துவர்களுக்கே கை தானாக அந்தப் பக்கம் போய்விடுவது அதனால்தான்.

எது எந்தக் கூடை என்று வலியின் கடுமையை வைத்துச் சொல்ல முடியாது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கிளஸ்டர் தலைவலிக்காரர் சுவரில் தலையை முட்டிக்கொள்வார், ஆனால் அவருடைய தமனிகள் ஒழுங்காக இருக்கும். தமனி கிழிந்தவர் ‘கழுத்தில் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். நீங்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தீர்கள்.

கடுமையைவிட எனக்கு முக்கியம், உங்கள் கடிதத்தில் இருந்த ‘இது வேறு மாதிரி இருக்கிறது’ என்ற வரி. இருபது வருடம் ஒற்றைத் தலைவலியோடு குடித்தனம் நடத்தியவருக்கு அதன் நடை, உடை எல்லாம் தெரியும். அவர் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்தால் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

உங்கள் பழைய தலைவலியையே பாருங்கள். மாதம் இரண்டு முறை, ஒரு பக்கமாக, விண் விண் என்று தெறிக்கும். மாடிப்படி ஏறினால் கூடும். வெளிச்சமும் மிக்சி சத்தமும் ஆகாது. குமட்டும், வாந்தி வரும், ஒரு நாளில் அடங்கும். இதைத் தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பட்டமான மைக்ரேன். சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின்படி, மருந்து எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்க வேண்டும், குறைந்தது ஐந்து தடவையாவது இப்படி வந்திருக்க வேண்டும். முதல் தடவை வந்த வலியை வைத்து யாரும் மைக்ரேன் என்று முத்திரை குத்திவிடக் கூடாது என்பதுதான் அந்த ஐந்தின் பொருள். பித்தம் என்று நீங்கள் சொல்வது, வாந்தியில் கடைசியாக மஞ்சளாக வருவதைப் பார்த்து. வயிறு காலியானால் எல்லாருக்கும் அப்படித்தான் வரும். பித்தப்பைக்கும் உங்கள் தலைவலிக்கும் சம்பந்தமில்லை.

மைக்ரேனும் ரத்தக்குழாய் நோய்தான் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். நியூயார்க்கில் ஹெரால்டு வோல்ஃப் என்ற மருத்துவர் 1930-களிலும் 40-களிலும் செய்த ஆராய்ச்சிகளால், தமனி விரிவதால்தான் விண் விண் என்று தெறிக்கிறது என்ற எண்ணம் வேரூன்றியது. இன்றைக்கு அப்படிப் பார்ப்பதில்லை. முகத்துக்கும் மூளை உறைக்கும் உணர்ச்சி கொடுக்கும் முப்பெரு நரம்பு தூண்டப்படுவதும், அதன் முனைகளிலிருந்து சிஜிஆர்பி என்ற பொருள் சுரப்பதும்தான் முக்கியம் என்று கருதுகிறோம். குழாய் அங்கே வெறும் சாட்சி மாதிரி. ஆனால் பழைய நம்பிக்கை ஒரு பொருளை நம் வீடுகளில் விட்டுச் சென்றிருக்கிறது. எர்கோட்டமின் கலந்த மாத்திரை. சீட்டு இல்லாமலே மெடிக்கலில் கிடைக்கிறது, உங்கள் கைப்பையிலும் ஒரு அட்டை இருந்தது. அது தமனிகளைச் சுருக்கும். கிழிந்த தமனி உள்ளவர் அதைத் தொடவே கூடாது.

சரி, உங்கள் புது வலி. கழுத்து வலித்தது என்பது மட்டும் எனக்குப் பெரிய துப்பு கிடையாது. மைக்ரேன் வரும்போது பாதிப் பேருக்குமேல் கழுத்தும் வலிக்கும். என் கண்ணில் பட்டவை வேறு. அண்ணாந்து பார்த்தபடி அரை நாள் வேலை செய்த மறுநாள் காலையில் தொடங்கியிருக்கிறது. மூன்று வாரமாக விடவே இல்லை. வாந்தி இல்லை. கழுத்தின் முன்பக்கம், தாடை, கண்ணின் மேல் என்று ஒரு கோடு போட்ட மாதிரி ஓடுகிறது. அப்புறம் அந்த இடது கண்.

உங்களைப் பழைய போட்டோ ஒன்றும், அன்றைக்கு எடுத்த போட்டோ ஒன்றும் அனுப்பச் சொன்னேன் அல்லவா? போன வருடம் கோலத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் இரண்டு கண்ணும் ஒரே அளவு. புதுப் படத்தில் இடது இமை ஒரு நூல் இறங்கியிருந்தது. பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு மங்கலான வெளிச்சத்தில் உங்கள் கணவரைக் கண்மணியைப் பார்க்கச் சொன்னேன். இருட்டில் இரண்டு கண்மணியும் விரிய வேண்டும். வலது விரிந்தது, இடது சின்னதாகவே நின்றது. ‘தூக்கம் கெட்டதால்’ ஒரு கண்ணின் மணி மட்டும் சுருங்காது, தாயே.

இதற்கு ஹார்னர் அடையாளம் என்று பெயர். 1869-ல் சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் ஹார்னர் ஒரு கிராமத்துப் பெண்ணிடம் பார்த்து எழுதி வைத்தது. கண்மணியை விரிக்கவும் இமையைத் தூக்கிப் பிடிக்கவும் உதவும் மெல்லிய நரம்பு இழைகள் (இவை நிஜமாகவே நரம்பு) நெஞ்சுக்குள் இறங்கி, திரும்பி, கழுத்துத் தமனியின் சுவரைக் கொடி மாதிரி பற்றிக்கொண்டு மேலே ஏறுகின்றன. சுவர் வீங்கினால் கொடி நசுங்கும். கழுத்தில் புதிதாக வலி, அதே பக்கம் இமை இறக்கம், சின்ன கண்மணி என்ற மூன்றும் சேர்ந்தால், மாற்றுக் காரணம் நிரூபிக்கப்படும்வரை கழுத்துத் தமனி கிழிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிழிவது என்றால் குழாய் இரண்டாக அறுந்துபோவது என்று நினைக்க வேண்டாம். தமனியின் சுவர் மூன்று அடுக்கு. வாழை மரத்தின் மட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியிருக்கும், நகத்தால் கீறினால் பிரிந்து வரும், பார்த்திருப்பீர்கள். அதுபோல உள் அடுக்கில் சின்னக் கீறல் விழுந்து, ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து பிரித்துக்கொண்டே போகும். சுவர் தடித்து வழி குறுகும். கீறிய இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தத் துணுக்கு மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். ஐம்பது வயதுக்குக் கீழே வருகிற பக்கவாதங்களுக்கு இது ஒரு முக்கியமான காரணம். வலி முதலில் வரும், பக்கவாதம் வருவதானால் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வரும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு. ஆபத்து அதிகமான முதல் இரண்டு வாரத்தை நீங்கள் ஒன்றும் தெரியாமலே தாண்டி வந்திருந்தீர்கள்.

ஒட்டடை அடித்தால் இப்படி ஆகுமா என்று அடுத்த வீட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம். கோடிக்கணக்கான பேர் அடிக்கிறார்கள். பெரும்பாலும் சுவரில் ஏற்கெனவே ஏதோ ஒரு பலவீனம் இருந்து, ஒரு சின்ன இழுப்பு கடைசிக் காரணமாகிறது. பலமான இருமல், தும்மல், பாரம் தூக்குதல், பியூட்டி பார்லரில் தலையைப் பின்னால் தொங்கவிட்டு முடி அலசுவது என்று பட்டியல் உண்டு. பல பேருக்கு எந்தக் காரணமும் தெரியாது. மைக்ரேன் உள்ளவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது என்பதுதான் கொடுமை. பழைய நோயே புது நோயை மறைத்துவிடுகிறது.

பட்டியலில் ஒன்றைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் ‘படக்’கென்று திருப்பி நெட்டி எடுக்கிறார்களே, அது. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது முப்பது வயதுக்காரர் ஒருவர் பிடரி வலி என்று வந்தார். நெட்டி எடுத்ததைச் சொல்லவும் செய்தார். நான் காதில் வாங்கவில்லை. வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் நிற்க முடியாமல் தள்ளாடிக்கொண்டு, விழுங்க முடியாமல், விக்கலோடு திரும்பி வந்தார். கழுத்தின் பின்பக்கம் எலும்புத் துளைகளுக்குள் ஏறும் முதுகெலும்புத் தமனி கிழிந்து, மூளைத் தண்டில் பாதிப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் குரல் பழையபடி ஆகவில்லை. அன்றிலிருந்து கழுத்து வலி என்று யார் வந்தாலும், ‘கடைசியாக எப்போது முடி வெட்டினீர்கள்?’ என்று கேட்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

உங்கள் சிடி ஸ்கேனில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? சாதாரண சிடி மூளையில் ரத்தக் கசிவு இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று பார்க்க நல்லது. கழுத்துக் குழாயின் சுவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ‘ஸ்கேன் நார்மல்’ என்று கேட்டதும் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறோம். எந்த ஸ்கேன், எதைத் தேடி எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. உங்களுக்குத் தேவைப்பட்டது கழுத்தையும் சேர்த்து ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராம், கூடவே கொழுப்பை மறைத்து எடுக்கும் எம்ஆர்ஐ. அதில்தான் இடது கழுத்துத் தமனியின் சுவருக்குள் உறைந்த ரத்தம் பிறை நிலா மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. மூளையில் பாதிப்பு இல்லை. இப்போது ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்கள். சிலருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மருந்து கொடுப்பார்கள். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 250 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனவே பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு மாத்திரை கொடுத்தார்களே என்று குழம்ப வேண்டாம். மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் பெரும்பாலான குழாய்கள் தாமாகவே ஆறிவிடும். அதற்குப் பிறகு ஒரு படம் எடுத்துப் பார்ப்போம். இமை கொஞ்சம் இறங்கியே இருந்துவிடலாம், அது அழகுப் பிரச்சினை மட்டும்தான்.

இதைப் படிக்கும் யாருக்காவது ஒரு கண் மட்டும் அவ்வப்போது சிவந்து, நீர் வடிந்து, அதே பக்கம் மூக்கடைத்து, இமை இறங்கி, கண்ணுக்குள் கத்தி சொருகின மாதிரி வலித்தால், அது கிளஸ்டர் தலைவலியாக இருக்கலாம். அதிலும் கண்மணி சுருங்கும். ஆனால் அது கால் மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் விட்டுவிடும், பல நாட்கள் அதே நேரத்துக்கு ஆள் எழுப்புவது போல வரும், வந்தால் உட்கார விடாது. மைக்ரேன்காரர் இருட்டறையில் அசையாமல் படுப்பார், இவர் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார்.

இங்கே ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்ட்டன் என்று ஒரு மருத்துவர் இருந்தார். (மேலே சொன்ன ஹார்னர் வேறு, இவர் வேறு, பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை.) 1932-ல் பொட்டுத் தமனி வீக்கத்தை விவரித்தவர் அவர்தான். 1939-ல் கிளஸ்டர் தலைவலியை விவரித்தவரும் அவர்தான். வெகு காலம் இரண்டுக்குமே ஹார்ட்டன் பெயரைச் சொன்னார்கள். ஒன்று தமனியே அழற்சியில் வெந்துபோகும் நோய், மற்றது தமனிக்கு ஒன்றும் ஆகாத தலைவலி. ஒரே கண் இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கிறது, பெயர் வைத்தவர்கள்தான் ஒன்றாக்கிவிட்டார்கள்.

இப்போது அம்மா. நீங்கள் படித்தது அந்த முதல் ஹார்ட்டன் நோயைப் பற்றி. ஐம்பது வயதுக்கு மேல் வரும், எழுபதை ஒட்டி அதிகம். வட ஐரோப்பியர்களிடம் அதிகம், நம் ஊரில் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணுக்குப் போகும் கிளைகள் அடைபட்டால் பார்வை போகும், போனால் பெரும்பாலும் திரும்பாது என்பதும் உண்மை. அதனால் நீங்கள் பயந்ததில் தப்பில்லை. அம்மாவிடமே நான் கேட்டேன்: தலை வாரும்போது மண்டைத் தோல் நோகிறதா? முறுக்கு, சப்பாத்தி மென்றால் கொஞ்ச நேரத்தில் தாடை அசந்து வலித்து, நிறுத்தினால் விடுகிறதா? ஒரு கண் சில நொடி மங்கி, திரும்பி வந்ததா? காலையில் தோள் விறைத்துக் கையைத் தூக்க முடியாமல் போகிறதா? காய்ச்சல், மெலிவு? எல்லாவற்றுக்கும் ‘இல்லை சாமி’ என்றார். முறுக்கு கேள்விக்கு, ‘பல்லு இருந்தால்ல மெல்லுறதுக்கு’ என்று சிரித்தார். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் எடுத்தோம்: இஎஸ்ஆர் 22, சிஆர்பியும் சரியாக இருந்தது. அந்த நோயில் இஎஸ்ஆர் பெரும்பாலும் 50-ஐத் தாண்டும். தாடை வலியும் பார்வை மங்கலும் இருந்திருந்தால், திசுப் பரிசோதனைக்குக்கூடக் காத்திருக்காமல் அன்றே ஸ்டீராய்டு தொடங்கியிருப்போம்.

அம்மாவுக்கு இருப்பது சாயங்கால வேளையில் இரண்டு பக்கமும் துணியால் இறுக்கிக் கட்டின மாதிரி வரும் இறுக்கத் தலைவலி. அதன்மேல் இன்னொன்று ஏறியிருக்கிறது. மூட்டு வலிக்கும் தலைவலிக்குமாக மாதத்தில் இருபது நாளுக்குமேல் வலி மாத்திரை போட்டிருக்கிறார். சாதாரண வலி மாத்திரையே மாதம் 15 நாளும் அதற்கு மேலும் என்று மூன்று மாதத்துக்குமேல் ஓடினால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டு வாரம் வலி கூடும், என்னைத் திட்டுவார், நீங்கள் இடையில் புகுந்து ஒரு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம், அவசரமானவை. இடி விழுந்த மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகும் தலைவலி, வாழ்க்கையில் இப்படி வந்ததே இல்லை என்கிற மாதிரி வந்தால், நீர்க்கோவை பற்றுப் போட்டுப் படுக்க வைக்காதீர்கள். மூளைத் தமனியில் இருக்கும் குமிழ் வெடித்திருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் சிடி எடுத்தால் அந்தக் கசிவு அநேகமாகத் தப்பாமல் தெரிந்துவிடும். நேரம் போகப் போக சிடியும் கோட்டைவிடும், முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மைக்ரேனுக்கு முன் வருகிற கண் பூச்சி. கோணல் மாணலாக மின்னும் கோடு ஒன்று தோன்றி, ஐந்து பத்து நிமிடத்தில் மெல்ல மெல்லப் பரவி, ஒரு மணி நேரத்துக்குள் மறையும். பக்கவாதம் பரவாது, ஒரே அடியாக விழும். மின்னாது, இருந்ததைப் பறிக்கும். பார்வையோ பேச்சோ கை பலமோ சட்டென்று போனால், தலைவலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை மைக்ரேன் கணக்கில் எழுதாதீர்கள்.

உங்களுக்கு: எர்கோட்டமின் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னீர்கள், நல்லது. மைக்ரேனுக்குக் கொடுக்கும் டிரிப்டான் வகை மாத்திரைகளும் இப்போதைக்கு வேண்டாம். பழைய ஒற்றைத் தலைவலி வந்தால் பாராசிட்டமால், குமட்டலுக்கு நான் எழுதித் தந்தது. அடிக்கடி வந்தால் வராமல் தடுக்கும் மருந்து தொடங்கலாம். குடத்தை இடுப்பில் தூக்குவது, கழுத்தில் யாரையும் கைவைக்க விடுவது, ராட்டினம் எல்லாம் குழாய் ஆறும்வரை கிடையாது. சமையல், நடை, தையல் வேலை எதற்கும் தடையில்லை.

அடுத்த பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகன் உங்களைவிட ஒரு சாண் உயரம் என்று நீங்களே சொன்னீர்கள். கம்பை அவனிடம் கொடுங்கள்.